ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்

போன வாரம் எங்கள் தெருவில் இருக்கும் தம்பி ஒருவர் கையில் ஒரு நோட்டீஸோடு வீட்டுக்கு வந்தார். சாலையை அகலப்படுத்த அவருடைய தென்னந்தோப்பில் கொஞ்சம் எடுக்கிறார்களாம். "அய்யா, நீங்க நில எடுப்புல வேலை பாத்தவராமே. இதுல என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தேன். படித்து முடித்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை இது: "பணம் வாங்கும்போது 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதாமல் கையெழுத்துப் போடாதீங்க தம்பி."

அவர் சிரித்தார். "இவ்வளவுதானா அய்யா?" என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரியை 45 வருஷத்துக்கு முன் ஒரு கிழவியிடம் நான் சொல்லவில்லை. அதைத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் அணைகளின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வைகை அணையில் தண்ணீர் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. ஆற்றங்கரையில் வாழ்கிற நமக்கு இந்த எண்கள் மனப்பாடம். அணை 71 அடி நிரம்பியது என்று செய்தி வந்துவிட்டால் சோழவந்தான் டீக்கடைகளில் அன்று எல்லார் முகமும் தெளிந்துவிடும். நெல், வெற்றிலைக் கொடிக்கால், தென்னை என்று நம் பிழைப்பு முழுக்க அந்தத் தண்ணீரில்தான் நிற்கிறது. சித்திரையில் அழகர் இறங்குவதற்கும் அங்கிருந்துதான் திறந்துவிடுகிறார்கள்.

அந்த அணை 1959-இல் திறக்கப்பட்டது. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலம். அணை கட்டியபோது ஆற்றோரம் இருந்த 14 கிராமங்கள் காலி செய்யப்பட்டன. அதில் ஒன்றின் பெயர் மேட்டூர். சேலம் பக்கத்து மேட்டூர் இல்லை, இது வைகைக்கரை மேட்டூர். கவிஞர் வைரமுத்து பிறந்த ஊர் அது. ஊர் முழுகியபின் அவர் குடும்பம் வடுகபட்டிக்குக் குடிபெயர்ந்தது. அந்தக் கதையைத்தான் அவர் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' என்று நாவலாக எழுதினார். 2003-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. நம்மில் பலர் படித்திருப்போம், அழுதிருப்போம். ஆனால் அந்த 14 கிராமங்களின் தண்ணீர்தான் நம் வாய்க்காலில் ஓடுகிறது என்று எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்? நானும் வெகுகாலம் நினைக்கவில்லை.

என் படிப்பைப் பற்றி இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். புதுச்சேரியில் பெரியப்பா வீட்டில் தங்கிப் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்கு 12 வயது. கொடி மாறியபிறகும் எங்கள் வகுப்பில் பாடம் மாறவில்லை. பூகோளப் புத்தகத்தில் ஆல்ப்ஸ் மலை அணைகளின் படம் இருக்கும். நீரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் 'வெள்ளை நிலக்கரி' என்பார்கள். பனி உருகி வரும் தண்ணீர் அவர்களுக்கு நிலக்கரிச் சுரங்கம் மாதிரி.

அந்தப் பாடம் நடத்தியபோது எங்கள் முசே புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னார். சவ்வா மாநிலத்தில் தீஞ்ஞு என்று ஒரு மலைக்கிராமம். யுத்தம் முடிந்த கையோடு நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்று அங்கே அரசு மின்வாரியம் பெரிய அணை கட்டியது. ஊரார் போக மாட்டோம் என்றார்கள். 1952-இல் போலீஸ் படையைக் கொண்டுவந்து அவர்களை வெளியேற்றினார்கள். கல்லறையிலிருந்த முன்னோர்களைத் தோண்டி எடுத்து வேறிடத்தில் புதைத்தார்கள். வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மாதா கோயிலை மட்டும் அதே அச்சில் மேலே வேறிடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். பின்னாளில் பராமரிப்புக்காக அணையை வடித்தபோதெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் வந்து சேற்றில் நின்று தங்கள் வீட்டு வாசற்படியைத் தேடினார்களாம்.

இதே முசேதான் குடிமைப் பாடத்தில் 1789-ஆம் வருஷத்து மனித உரிமைப் பிரகடனத்தை எங்களை மனப்பாடம் செய்யவைத்தவர். அதில் 17-ஆவது பிரிவு சொத்தைப் பற்றியது. பொதுத்தேவைக்காக ஒருவன் சொத்தை எடுக்கலாம். ஆனால் கொடுக்கிற ஈடு நியாயமாகவும் இருக்கவேண்டும், முன்னதாகவும் இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். 'நியாயமாக', 'முன்னதாக' என்ற இரண்டு வார்த்தைகளையும் அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்வார். ஒரு பையன் எழுந்து, "அப்படியானால் தீஞ்ஞுவில் ஏன் போலீஸ் வந்தது முசே?" என்று கேட்டான். முசே பதில் சொல்லாமல் கரும்பலகையைத் துடைத்தார். சட்டத்தை எழுதிவைத்த நாட்டிலேயே கதை அப்படித்தான் என்று அன்றைக்குப் புரிந்துகொள்ளும் வயது எனக்கில்லை.

பிறகு வேலை விஷயமாகத் தமிழில் எழுதக் கற்று, தேர்வு எழுதி, 1972-இல் தமிழ்நாட்டு அரசில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். சில வருஷம் கழித்து மேற்கு மலையடிவாரத்தில் ஒரு நீர்த்தேக்கத்துக்காக நிலம் எடுக்கும் பிரிவில் போட்டார்கள். ஊர் பெயரும் அலுவலகப் பெயரும் வேண்டாம்.

அப்போது நடைமுறையில் இருந்தது வெள்ளைக்காரன் போட்ட 1894-ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டம். வைகை அணைக்கும் அதே சட்டம்தான். முதலில் 4(1) அறிவிக்கை. அதன்பின் 5-ஏ விசாரணை, ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். அடுத்து 6-ஆவது பிரிவுப்படி பிரகடனம். பிறகு 9-ஆவது பிரிவில் நோட்டீஸ், 11-ஆவது பிரிவில் தீர்வம், அதாவது யாருக்கு எவ்வளவு என்ற உத்தரவு. 4(1) அறிவிக்கை வந்த தேதியில் நிலம் என்ன விலை போனதோ அதுதான் மதிப்பு. அதன்மேல் கட்டாயமாக எடுப்பதற்காக 15 சதம் ஆறுதல் தொகை.

அந்த விலையை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். சார்பதிவாளர் அலுவலகம் போய், சுற்றுவட்டாரத்தில் பதிவான கிரயப் பத்திரங்களைப் பட்டியல் எடுப்போம். முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து எல்லாரும் பத்திரத்தில் விலையைக் குறைத்துத்தான் எழுதியிருப்பார்கள். மூவாயிரத்துக்கு வாங்கிவிட்டு ஆயிரத்து ஐந்நூறு என்று எழுதுவார்கள். அந்தப் பொய் எங்கள் பட்டியலுக்கு வந்து உண்மையாகிவிடும். அதுபோக, அணை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பிய நாளிலிருந்து முழுகப்போகிற நிலத்தை யாரும் வாங்கமாட்டார்கள். விலை அங்கேயே உறைந்து நிற்கும். பணம் கைக்கு வர வருஷங்கள் ஆகும். அதற்குள் பக்கத்து ஊரில் நிலம் இரண்டு பங்கு ஏறியிருக்கும்.

பட்டா உள்ளவருக்குத்தான் இந்தக் கொஞ்சமும். நிலத்தைத் தலைமுறை தலைமுறையாக வாரத்துக்கு உழுதவரிடம் காகிதம் இருக்காது. புறம்போக்கில் குடிசை போட்டவர் ஆக்கிரமிப்பாளர். களையெடுத்தும் கதிரறுத்தும் பிழைத்த கூலிக்காரருக்கு எங்கள் படிவத்தில் ஒரு பத்தியே கிடையாது. புளியமரத்தை எண்ணினோம், பனையை எண்ணினோம், கிணற்றை அளந்தோம். அந்தக் கிணற்றில் கமலை இறைத்தவரை எண்ணவில்லை.

1979-ஆம் வருஷம் பணப்பட்டுவாடா நடந்தது. ஊர்ச் சாவடியில் மேஜை போட்டோம். தாசில்தார் ஒரு பக்கம், கர்ணம் ஒரு பக்கம், நடுவில் பதிவேட்டோடு நான். முதலில் வந்தவர் ஊரில் பெரிய மிராசு. கூடவே ஒரு வக்கீல் குமாஸ்தா. கையெழுத்துக்கு மேலே அவர் நிறுத்தி நிதானமாக 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதினார். பணம் குறைவு என்று கருதினால் 18-ஆவது பிரிவில் கோர்ட்டுக்கு அனுப்பச் சொல்லி மனுக் கொடுக்கலாம். ஆனால் 31-ஆவது பிரிவில் ஒரு கொக்கி இருந்தது. ஆட்சேபம் தெரிவிக்காமல் பணத்தை வாங்கியவருக்கு அந்த உரிமை கிடையாது.

அவருக்குப் பின் வரிசையில் ஒரு பாட்டி. விதவை. மிராசு நிலத்துக்கு அடுத்த வரப்பில் 1 ஏக்கர் 20 சென்ட் மானாவாரி, ஒரு புளியமரம். ஏக்கருக்கு 1,800 வீதம் நிலம் 2,160 ரூபாய். மரத்துக்கு 150. அதன்மேல் 15 சதம். ஆக மொத்தம் 2,656 ரூபாய் 50 காசு. கூட்டியவன் நான், அதனால் இன்றும் நினைவிருக்கிறது.

"இம்புட்டுத்தானா தம்பி?" என்று கேட்டது.

"ஆமா பாட்டி, சட்டப்படி இம்புட்டுத்தான்" என்றேன்.

"புளி ஒரு வருசத்துக்கே நூறு ரூவாய்க்குப் போகும்ப்பா."

நான் பதில் சொல்லவில்லை. மைப்பெட்டியை நகர்த்தினேன். பாட்டி விரலை நீட்டியது. அதைப் பிடித்து உருட்டி வைத்தவன் நான்தான். அந்தக் கைநாட்டுக்கு மேலே ஒரு வரி எழுத எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

சொல்லாதே என்று யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. சொல் என்றும் யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் ஒரு கோப்பு, ஒரு நகல் கட்டு, கோர்ட்டுக்கு ஓர் அனுப்புகை. எல்லாம் என் தலையில்தான் விழும். பின்னால் 40 பேர் வெயிலில் நின்றார்கள். சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். என் பக்கத்து நியாயம் இவ்வளவுதான்.

மிராசு வழக்கு சப் கோர்ட்டில் ஏழு வருஷம் நடந்தது. 1986-இல் ஏக்கருக்கு 5,200 என்று தீர்ப்பாயிற்று. பாட்டியின் நிலமும் அதே மண், அதே வரப்பு. அந்த விலை கிடைத்திருந்தால் நிலத்துக்கு மட்டும் 4,080 ரூபாய் கூட வந்திருக்கும். ஆறுதல் தொகையும் வட்டியும் தனி.

இதற்கிடையில் 1984-இல் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். ஆறுதல் தொகை 30 சதமானது. பிரகடனத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள் தீர்வம் சொல்லாவிட்டால் நடவடிக்கையே செல்லாது என்று வந்தது. 28-ஏ என்று ஒரு புதுப் பிரிவும் வந்தது. ஒரே அறிவிக்கையில் நிலம் இழந்தவர்களில் ஒருவர் கோர்ட்டில் கூடுதல் விலை வாங்கினால், கோர்ட்டுக்குப் போகாத மற்றவர்களும் அதே விலையைக் கலெக்டரிடம் கேட்கலாம். தீர்ப்பு வந்த மூன்று மாதத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். படிக்காத ஏழைகளுக்கென்றே வைத்த பிரிவு அது.

நான் அப்போது மதுரைக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். ஒரு கல்யாணப் பந்தியில் பழைய சகா ஒருவர் மிராசு ஜெயித்த கதையைச் சொன்னார். கணக்குப் பார்த்தேன். மூன்று மாதம் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதினேன். முழுகிய ஊர்க்காரர்களுக்குப் போட்ட காலனி விலாசத்துக்கு அனுப்பினேன். 'விலாசதாரர் இல்லை' என்று திரும்பி வந்தது. மகள் வீட்டுக்குப் போய்விட்டதாம். எந்த ஊர் என்று தபால்காரருக்குத் தெரியவில்லை. நேரில் போயிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், பஸ் மாறி ஐந்து மணி நேரம். போகவில்லை. வீட்டில் மூத்தவளுக்குக் காய்ச்சல், ஆபீசில் தணிக்கை என்று காரணங்கள் இருந்தன. மூன்று வாரம் ஓடிவிட்டது.

இதை ஒரு தனி மனிதனின் தவறாக மட்டும் நான் எழுதவில்லை. நம் பெரியாறு அணைக் கணக்கையே பாருங்கள். 1886-இல் திருவிதாங்கூர் மகாராஜாவிடமிருந்து சென்னை அரசாங்கம் 8,000 ஏக்கரை 999 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. ஏக்கருக்கு 5 ரூபாய், வருஷத்துக்கு 40,000 ரூபாய். பென்னிகுவிக் கட்டிய அணை 1895-இல் திறந்தது. முதலில் பாசனத்துக்கு மட்டும்தான். பிறகு 1950-களின் கடைசியில் லோயர் கேம்ப்பில் அந்தத் தண்ணீரில் மின்சாரமும் எடுக்க ஆரம்பித்தோம். 1965-இல் நான்காவது இயந்திரமும் ஓடத்தொடங்கி 140 மெகாவாட் ஆனது. 1970-இல் இரண்டு மாநிலங்களும் உட்கார்ந்து பேசின. குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆயிற்று; மின்சாரத்துக்குத் தனியாகப் பணம் என்றும் முடிவானது. 84 வருஷம் கழித்தும் விலையைத் திரும்பப் பேச முடிந்தது, ஏனென்றால் இரண்டு பக்கமும் அரசாங்கம், இரண்டு பக்கமும் வக்கீல்.

ஒரு விவசாயிக்கு விலை பேசும் வாய்ப்பு ஒரே தடவை. அதுவும் கைநாட்டு வைக்கும் அந்த நிமிஷத்தில். அந்த வாய்ப்பு இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாமல் போனால், சட்டத்தில் எத்தனை நல்ல பிரிவு இருந்து என்ன பயன்?

எல்லா அணைக்கும் அடியில் இப்படி ஊர்கள் கிடக்கின்றன. 1934-இல் திறந்த மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றினால் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் மாதா கோயிலின் கோபுரமும் தலைதூக்கும். பவானிசாகர் வற்றினால் டணாய்க்கன்கோட்டையின் கோயில் தெரியும். ஜனங்கள் பரிசலில் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இமாச்சலத்தில் போங் அணைக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு ராஜஸ்தானத்தில் நிலம் தருவதாகச் சொன்னார்கள். எத்தனையோ குடும்பங்கள் பல பத்தாண்டுகள் அதற்காக அலைந்தன.

1894-ஆம் வருஷத்துச் சட்டத்துக்கு 120 வருஷம் கழித்துத்தான் விடிவு வந்தது. 2013-இல் புதுச் சட்டம் நிறைவேறி, 2014 ஜனவரி 1 முதல் அமலானது. கிராமப்புற நிலத்துக்குச் சந்தை மதிப்பை இரண்டு மடங்குவரை பெருக்கலாம். அதன்மேல் 100 சதம் ஆறுதல் தொகை. மூன்று வருஷமாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த வாரக்குடியும் கூலிக்காரரும்கூட பாதிக்கப்பட்ட குடும்பம் என்று முதன்முதலாக ஏட்டில் ஏறினார்கள். இழப்பீடு முழுக்கக் கொடுத்த பிறகுதான் நிலத்தைக் கையகப்படுத்த வேண்டும். பாசன அணையோ நீர்மின் அணையோ என்றால் நிலம் முழுகுவதற்கு ஆறு மாதம் முன்பே மறுகுடியமர்வு முடிந்திருக்க வேண்டும். எங்கள் முசே மேஜையைத் தட்டிச் சொன்ன 'முன்னதாக' நம் சட்டத்தில் வந்து சேர்ந்தது அன்றுதான்.

அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இன்னொரு வரி இருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பாசனத் திட்டத்துக்கு நிலம் இழந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும், கூடியமட்டும், அந்த அணையின் ஆயக்கட்டிலேயே குறைந்தது ஒரு ஏக்கர் கொடுக்க வேண்டும் என்கிறது. வைகை அணை கட்டிய காலத்தில் இந்த வரி இருந்திருந்தால், அந்த 14 கிராமத்துச் சம்சாரிகள் கேட்டிருக்கக்கூடிய ஒரு ஏக்கர் எங்கே இருக்கும்? பேரணைக்குக் கீழே, நம் பக்கம்தான். நம் வயலுக்குப் பக்கத்து வயலாகக்கூட இருக்கலாம்.

சரி, அந்தத் தம்பிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லி முடிக்கிறேன். நோட்டீஸ் வந்தால் முதலில் அது எந்தச் சட்டத்தின் கீழ் என்று பாருங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு என்றால் விலைத்தகராறு நடுவரிடம் போகும். மாநில நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் நம் மாநிலத்தில் தனிச் சட்டம் உண்டு. 2013 சட்டம் என்றால், தீர்வம் சொல்லும்போது நீங்கள் நேரில் இருந்தால் ஆறு வாரத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். ஆட்சேபம் இல்லாமல் வாங்கினால் அந்த உரிமை போய்விடும் என்ற கொக்கி புதுச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகாதவர் மூன்று மாதத்துக்குள் கேட்கலாம் என்ற வழியும் இருக்கிறது. பட்டா தாத்தா பெயரில் கிடந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். பத்திரம் எழுதும்போது விலையைக் குறைத்து எழுதாதீர்கள். அது பின்னால் உங்களையோ பக்கத்து நிலத்துக்காரரையோ வந்து அடிக்கும்.

உங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒருவருக்கு நோட்டீஸ் வந்தால், பட்டுவாடா அன்று கூடவே போங்கள். கைநாட்டுக்கு மேலே அந்த வரியை எழுதிக் கொடுங்கள். அரை நிமிஷ வேலை.

தம்பி நேற்று வந்திருந்தார். பட்டுவாடா அடுத்த மாதமாம். அவர் தோப்புக்குப் பக்கத்தில் 30 சென்ட் வைத்திருக்கும் ஓர் அம்மாவுக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறதாம், அவருக்குப் படிக்கத் தெரியாதாம். "நானும் வர்றேன் தம்பி, அவங்களையும் கூட்டிக்கிட்டுப் போவோம்" என்று சொல்லியிருக்கிறேன். முழங்கால் வலி இருக்கிறது. ஆட்டோவில் போய்க்கொள்ளலாம்.